இரண்டு கை உப்பு

பிப்ரவரி 6

அக்கா,

போனை நீ எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் "ம்" என்பதற்கு மேல் நான் என்ன பேசியிருப்பேன் என்று உனக்கே தெரியும். அதனால்தான் கடிதம். விலாசத்தை அம்மாவிடம் வாங்கினேன். "அவளே பேசாதப்போ நீ எதுக்கு எழுதுற" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தாள்.

நீ நம் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தை விட்டுப் போய் இன்றோடு பதினோரு நாள். சமையலுக்கு இன்னும் ஆள் போடவில்லை. பொறுப்பாளர் அம்மாவே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பில் நிற்கிறார். நான் முன்போலவே காய் நறுக்குகிறேன், கிண்டுகிறேன், நாற்பது தட்டிலும் பரிமாறுகிறேன். உப்பு ஜாடி அவருடைய அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. காயில் இருக்கிற உப்பே ஒரு மாதத்துக்குப் போதும், மேலே ஒரு கல் கூட விழக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

முதல் மூன்று நாள் தட்டுகள் பறந்தன. இரண்டு வயது மொட்டையை ஞாபகம் இருக்கிறதா? அவளுக்குக் கண் இமை வீங்கியதால்தானே நர்ஸம்மா நம் கஞ்சியைப் பாட்டிலில் எடுத்துப்போய்ச் சோதித்தார். அவள் ஒரு வாய் வாங்கி, என் முகத்தைப் பார்த்து, பொறுமையாக என் மடியிலேயே துப்பினாள். வீக்கம் வற்றிவிட்டது, அதைச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன்.

இன்னொன்று. நடையில் இருக்கும் தண்ணீர் டிரம்மைக் காலையில் நான்தானே நிரப்புவேன். போன சில மாதமாக மத்தியானம் காலியாகி மறுபடியும் நிரப்ப வேண்டியிருந்தது. பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். நேற்று சாயங்காலம் மூடியைத் திறந்தால் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே நிற்கிறது. பேச்சு வராத நாற்பது பேர் இத்தனை மாதமாக நம்மிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்துக் குடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத் தூக்கி ஊற்றியவள் நான். எனக்குக் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தாளில் இடமில்லை.

உன் தங்கை

*

பிப்ரவரி 12

ஏய் பூனை,

லெட்டர் வந்துச்சு. நடக்கிற சத்தம் கூடக் கேக்காதவ, எழுத ஆரம்பிச்சா எப்படி எழுதுற. எட்டாவதோட நின்னவன்னு யாரும் நம்ப மாட்டாங்க. கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு நாலு வரி படின்னு சொன்னதுக்குப் பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தவதானே நீ.

சரி, சேதி என்ன? நான் போனப்புறம் பிள்ளைங்களுக்குத் தாகம் அடங்கிருச்சு. அதானே? என்னைத் துரத்தினது சரிதான்னு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கே. ரொம்ப சந்தோஷம்.

இங்க கட்டட வேலைக்காரங்க தங்குற விடுதி. இருநூறு பேருக்குச் சமையல். நான் சமைக்கல, பாத்திரம் கழுவுறேன். பெரிய சமையல்காரர் ஒருத்தர் இருக்கார், மீசை அவருக்கு முன்னாலயே அடுப்படிக்கு வந்திரும். "சமைச்ச கைன்னு சொன்னாங்களே, வாம்மா"ன்னு கூப்பிட்டார். முடியாதுன்னுட்டேன்.

ஒன்பது வருஷம் அந்த அடுப்புல நின்னேன். கரண்டி வெச்சு அளந்ததில்ல. உள்ளங்கைதான் அளவு. கடைசி சில மாசமா டீச்சருங்க ருசி பாக்கிற கரண்டியை நக்கிட்டு, "இப்பதான் உங்க கைக்குப் பக்குவம் வந்திருக்கு"ன்னாங்க. நானும் பூரிச்சுப் போய் நின்னேன். அந்தப் பக்குவம்தான் ஒரு பச்சப்பிள்ளையோட கண்ணை வீங்க வெச்சிருக்கு. ஒரு நாள் முழுக்கச் சேர வேண்டிய உப்பு ஒரே வேளைச் சாப்பாட்டுலன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க. நெனைச்சா கை கூசுது. இனிமே உப்பைத் தொடுறதா இல்ல.

ஒண்ணு சொல்லணும்னா சொல்லு. இல்லேன்னா விடு. இழுக்காதே.

அக்கா

*

பிப்ரவரி 18

அக்கா,

குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, சொல்ல வேறு ஆள் இல்லை. அதனால் எழுதினேன். இதையும் கோபப்படாமல் படி.

இரண்டு வாரம் தட்டைத் தள்ளினார்கள். திங்கட்கிழமை பூசணியை வெறுமனே ஆவியில் வேகவைத்து மசித்து வைத்தேன். மொட்டை ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தாள். துப்பப் போகிறாள் என்று மடியில் துணியை விரித்துக்கொண்டேன். அவள் துப்பவில்லை. அசையாமல் எதிர்ச் சுவரையே பார்த்தாள். பிறகு தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ அந்த விரல்தான் செய்தது போல. அவளுக்கு மொத்தம் நாலு வார்த்தைதான் தெரியும். ஐந்தாவதாக ஒன்று சொன்னாள். "மிட்டாய்."

சர்க்கரை யாரும் போடவில்லை அக்கா. நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அதே பூசணியை வாயில் போட்டுப் பார்த்தேன். எனக்கு நனைந்த துணியை மென்ற மாதிரி இருந்தது. அவளுக்கு மட்டும் எப்படி?

அன்றிலிருந்து நானும் என் தட்டில் உப்பு சேர்க்கவில்லை. அம்மா "இது என்ன புதுக் கிறுக்கு" என்கிறாள். இன்னும் எனக்கு எதுவும் தெரியவில்லை, உருளைக்கிழங்கில் மட்டும் இன்று ஏதோ தெரிந்தது. முதலில் மழை பெய்த மண் போல ஒரு வாசனை, அதன் பின்னால் ஒரு இனிப்பு, கடைசியில் பால் மாதிரி ஒன்று. பதினாறு வயசாகிறது எனக்கு. உருளைக்கிழங்கை இன்றுதான் பார்த்தது போல இருக்கிறது.

நர்ஸம்மா வாரா வாரம் எடை பார்க்க வருகிறார். என் கட்டைவிரலைப் பிடித்து, "மொட்டைக்குள்ள இருக்கிற ஒரு சிறுநீரகம் இதைவிடக் கொஞ்சம்தான் பெருசு. இத்துனூண்டு சல்லடை, ஒரு நிமிஷம் நிக்காம வேலை பாக்குது" என்றார். அன்று காய் நறுக்கும்போதெல்லாம் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு எண்பது. அவர்கள் விளையாடும்போதும், சண்டை போடும்போதும், தொட்டிலில் வாய் பிளந்து தூங்கும்போதும் அந்த எண்பதும் சத்தமில்லாமல் வடிகட்டிக்கொண்டே இருக்கின்றன. சத்தமில்லாமல் வேலை செய்வது எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் பத்தாம் தேதி புதுச் சமையல்காரி வருகிறாளாம். வந்துவிட்டால் உன் இடம் போனது போனதுதான். அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். கீழே மூன்று தடவை எழுதி அடித்திருக்கிறேன். தயவுசெய்து விளக்கில் பிடித்துப் படிக்காதே.

உன் தங்கை

*

பிப்ரவரி 24

பூனை,

விளக்குல பிடிச்சுத்தான் படிச்சேன். நீ அடிச்ச அடியில தாளே கிழிஞ்சிருக்கு. "மூடி"ன்னு ஒரு வார்த்தை மட்டும் தெரியுது. என்ன மூடி?

பூசணிக் கதையை மீசைக்காரர்கிட்ட சொன்னேன். நம்ப மாட்டார்னு நெனைச்சேன். மனுஷன் கரண்டியைக் கீழ வெச்சுட்டார். "ரெண்டு வயசுல நமக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்மா. நமக்குத்தான் ஞாபகம் இல்ல"ன்னார். அதுக்கப்புறம் ரெண்டு நாளா வெங்காயத்தைப் பச்சையா மென்னுட்டுத் திரியறார். அவர் பக்கத்துல நிக்க முடியல.

எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. மத்தியானமும் தண்ணி ரொப்ப ஆரம்பிச்சது எந்த மாசத்துல இருந்து? ஒன்பது வருஷமா அதே கை, அதே ஜாடி. முன்னாடியெல்லாம் ஒரு டிரம் போதுமே. எடை போடுற தராசு ஒண்ணு இங்க ஸ்டோர்ல இருக்கு. கேக்கலாமான்னு பாக்குறேன்.

அக்கா

*

மார்ச் 1

அக்கா,

அக்டோபர் மாதத்திலிருந்து.

உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு வரும்.

நம் அடுப்படிக்கும் தொட்டில் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். சின்னக் குழந்தைகள் பத்திலிருந்து பதினொன்றரை வரை தூங்குவார்கள். ஒன்று விழித்தால் எல்லாம் விழிக்கும். அதனால் விசில் அடிக்காத பாத்திரம், அதனால் நாம் இருவரும் பேசவே மாட்டோம். இரண்டு விரல் காட்டினால் தீயைக் குறை. காதைத் தொட்டால் யாரோ வருகிறார்கள். உப்புக்கு நீ வைத்த அடையாளம் ஜாடி மூடி. மூடி மல்லாக்கக் கிடந்தால் உப்புப் போட்டாயிற்று. ஜாடிமேல் இருந்தால் இன்னும் போடவில்லை. உலகத்திலேயே எனக்குப் பிடித்த வேலை அது. காலை முழுக்க யாரும் என்னைப் பேசச் சொல்லாத ஒரே இடம்.

அக்டோபரில் ஒரு நாள் நான் தொட்டில் அறையில் காலைப் பால் கிண்ணங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய். மூடி ஜாடிமேல் இருந்தது. மறந்துவிட்டாய் போல என்று நானே ஒரு கை போட்டேன். மறுநாளும் மூடி ஜாடிமேலேயே இருந்தது. அதற்கு மறுநாளும். பின்கட்டுக்கு வந்து "அக்கா, உப்புப் போட்டியா?" என்று மூன்று வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. உப்பை என்னிடமே ஒப்படைத்துவிட்டாய் என்று நினைத்தேன். சொல்லாமலே ஒப்படைத்தது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? டீச்சர்கள் உன்னைப் பாராட்டும்போது, அது என் கை, அக்கா சொல்லாமல் சிரிக்கிறாள் என்று நானும் உள்ளுக்குள் சிரித்தேன். பிள்ளைகளுக்குச் சமைத்ததில் நாம் வாய் வைக்கக் கூடாது என்பது நீ வைத்த சட்டம். அதனால் நம் இருவருக்குமே ருசி தெரியவில்லை.

கடைசி நாள் பொறுப்பாளர் அம்மா கேட்டபோது நீ நிமிர்ந்து நின்று "ஆமா, என் கைதான்" என்றாய். எனக்காகப் பழியை ஏற்கிறாய் என்று நினைத்தேன். நான் கதவோரமாக நின்றேன். வாய் வரவில்லை.

நீ போன மறுநாள் அவர் ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டும்போது, "மழை ஆரம்பிச்சதுல இருந்து உப்புல ஈரம் ஏறுதுன்னு தினமும் வந்து மூடி வெச்சது நான். உங்க அக்கா தினமும் திறந்து போட்டுட்டே போவா" என்று அலுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தினமும் நீ உப்புப் போட்டிருக்கிறாய். மூடியை மல்லாக்க வைத்திருக்கிறாய். அவர் மூடியிருக்கிறார். நான் மறுபடியும் போட்டிருக்கிறேன்.

மொட்டையின் கண்ணை வீங்க வைத்தது என் கை. உன் கை சரியாகத்தான் இருந்தது. சொன்னால் என் வேலையும் போகும், வீட்டுக்கு இப்போது என் சம்பளம்தான் என்று பயந்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, நீ இனி என்னைப் பூனை என்று கூப்பிட மாட்டாய் என்பது.

உன் தங்கை

*

மார்ச் 1

பூனை,

பதிலுக்குக் காத்திருக்க முடியல. நீ எழுதினதும் நான் எழுதறதும் வழியில ஒண்ணையொண்ணு தாண்டிப் போகும்னு நெனைக்கிறேன். பரவாயில்ல.

மீசைக்காரர் தராசை இறக்கிக் குடுத்தார். சபதத்தை விட்டுட்டு உப்பைத் தொட்டேன். வழக்கமா காப்பகத்துல அள்ளுற மாதிரி ஒரு கை அள்ளித் தட்டுல போட்டேன். நாப்பது கிராம். திரும்ப அள்ளினேன். நாப்பது. கண்ணை மூடிக்கிட்டு அள்ளுன்னார். முப்பத்தொன்பது. பத்துத் தடவை அள்ளினேன், பத்துத் தடவையும் நாப்பதை விட்டு ரெண்டு பக்கமும் ஒரு கிராமுக்கு மேல நகரல. வேலைக்கு வந்தவங்க சுத்தி நின்னுட்டாங்க. எனக்கு என் கையைப் பாக்கவே பயமா இருந்துச்சு. ஒன்பது வருஷமா இப்படி ஒண்ணை மணிக்கட்டுல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

நர்ஸம்மா குடுத்த பேப்பர் பெட்டியில இருந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். மொத்தக் கஞ்சியில எண்பது கிராம்.

சரியா ரெண்டு பங்கு. அந்த அடுப்புல என்கூட நின்னது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் "மூடி"ன்னு எழுதி மூணு தடவை அடிக்குது.

உனக்குக் கோபமா எழுதணும்னுதான் உக்காந்தேன். எழுத வரல. ஏன்னா அந்த இன்னொரு பங்கும் நாப்பதேதான் இருக்கு. உன் உள்ளங்கை என்னோடதுல முக்கால்வாசி கூட இருக்காது. அப்போ நீ தினமும் குவிச்சு அள்ளியிருக்கே, என் கை அளவு வர்ற வரைக்கும். யாருடி சொல்லிக் குடுத்தா? நான் ஒருநாளும் சொல்லல. நீயா பாத்துக்கிட்டே நின்னிருக்கே.

நான் நெனைக்கிறது சரின்னா, எனக்கு லெட்டர்ல சொல்லிட்டா போதாது. நான் ஏற்கனவே கண்டுபிடிச்சுட்டேன். சொல்ல வேண்டியது அங்க. பொறுப்பாளர் அம்மாகிட்ட. தாள்ல இல்ல, வாயால. பத்தாம் தேதிக்குள்ள.

அக்கா

*

மார்ச் 8

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று காலை பத்தரைக்கு அவருடைய அறை வாசலில் போய் நின்றேன். நர்ஸம்மாவும் இருந்தார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் பொறுப்பாளர் அம்மா. இல்லை என்று தலையாட்டினேன். "லீவு வேணுமா?" இல்லை. அலமாரியைக் காட்டினேன். என்ன நினைத்தாரோ, ஜாடியை எடுத்துக் கொடுத்தார். நான் அதை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

ஜாடியை அதன் இடத்தில் வைத்து மூடியை மல்லாக்க வைத்தேன். பிறகு பொறுப்பாளர் அம்மா செய்வது போல எடுத்து மூடினேன். பிறகு வெறும் கையால் அள்ளிப் போடுவது போல ஒரு தடவை காட்டினேன், உன் இடத்தில் நின்று. என் இடத்துக்கு வந்து இன்னொரு தடவை காட்டினேன். அவர் நர்ஸம்மாவைப் பார்த்தார். "என்ன சொல்றா இவ?"

கையால் சொல்ல முடிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"ரெண்டு பேரும் போட்டோம்" என்றேன். அக்கா, என் குரல் எவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. பழக்கமில்லாததால் அளவு தெரியாமல் வந்துவிட்டது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்று அழ ஆரம்பித்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் எல்லாமே. ஆயாக்கள் ஓடுகிறார்கள், தொட்டில் கம்பிகள் கிறீச்சிடுகின்றன. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு நான் முழுவதையும் சொன்னேன். எல்லோரும் அழுகிற இடத்தில் என்னை யாரும் கவனிப்பதில்லை போல இருந்தது, வார்த்தைகள் தானாக வந்தன. அக்டோபர், மூடி, மழை ஈரம், கதவோரம், எல்லாம்.

பொறுப்பாளர் அம்மா உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "மூடினது நானு" என்றார்.

நர்ஸம்மா ஒரு சின்னத் தராசைக் கொண்டுவந்து என்னை அள்ளச் சொன்னார். நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது, நாற்பது. அவர் தராசைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அவங்களை வரச் சொல்லு" என்றார். கூடவே இதையும் சொன்னார், மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "அந்த ஒரு கையே கொஞ்சம் ஜாஸ்தி. முக்கால் கை போதும்."

புதுச் சமையல்காரியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பொறுப்பாளர் அம்மாவே உனக்கு எழுதப் போகிறார். என்னை என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லை. இன்று காலை போனபோது தட்டு அடுக்கை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

நேற்று சாயங்காலம் மொட்டையின் அம்மாவிடமும் வாசல் கேட் அருகே நின்று சொன்னேன். அவர் மொட்டையை என்னிடமிருந்து தள்ளி மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். அது நியாயம்தான். இடுப்பில் இருந்த மொட்டை மட்டும் தான் பாதி மென்ற கேரட்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள். வாங்கித் தின்றேன். இனித்தது அக்கா. எனக்கும் இனித்தது.

உன் தங்கை

*

மார்ச் 13

பூனை,

பொறுப்பாளர் அம்மா லெட்டர் வந்துச்சு. மூணு பக்கம். கடைசிப் பக்கத்துல உன்னைப் பத்தி. ஒரு மாசம் உப்பு ஜாடிப் பக்கம் போகக் கூடாதாம், அப்புறம் என் பொறுப்பாம். தலையெழுத்து.

முக்கால் கையாமே. நர்ஸம்மாவை வந்து என் உள்ளங்கையில கோடு போட்டுக் காட்டச் சொல்லு. மீசைக்காரர்கிட்ட தராசைக் கடன் வாங்கி நேத்து பூரா உக்காந்து அள்ளினேன். முதல் இருபது தடவை முப்பத்தஞ்சு, முப்பத்தேழுன்னு தப்பாவே வந்துச்சு. மத்தியானத்துக்கு மேல கை அளவைப் பிடிச்சுக்கிச்சு. முப்பது. கடைசி ஏழு தடவையும் முப்பது. இந்தக் கைக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியுமோ.

வியாழக்கிழமை பஸ் ஏறுறேன், வெள்ளிக்கிழமை காலையில நேரா அடுப்படிக்கு வந்திருவேன். பூசணி வாங்கி வை. மொட்டை சாப்பிடறப்ப நான் எதிர்ல உக்காந்து பாக்கணும்.

அந்த மூடி இனிமே எப்படிக் கிடந்தாலும் அதுக்கு அர்த்தம் கிடையாது. உப்புப் போட்டாச்சான்னு தெரியணும்னா நீ கேக்கணும். வாயைத் திறந்து, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பின்கட்டு வரைக்கும் கேக்கிற மாதிரி. தொட்டில்ல இருக்கிறதெல்லாம் முழிச்சா முழிக்கட்டும். நான் தூங்க வெச்சுக்கிறேன்.

அக்கா